சட்டைப் பையில் கிராம்பு

அவள் முகர்ந்து பார்ப்பதை நிறுத்திய பிறகுதான் வீடு தூரமாகிப் போனது.

அதற்கு முன் எல்லா மாலையும் ஒரே மாதிரி. அவன் கதவைத் திறப்பான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. நகக்கண்ணில் கிரீஸ், தோளில் கருவிப் பை. அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வருவாள். காலர் பொத்தானைச் சரிசெய்கிறவள்போல் கழுத்தருகே கை வைப்பாள். குதிகாலை உயர்த்தி முகத்தைக் கிட்டே கொண்டுவருவாள். அவன் மூச்சை அடக்கிக்கொள்வான்.

"ஊதுங்க."

ஊதுவான். அவள் ஒரு கணம் அப்படியே நிற்பாள். பிறகு போய்விடுவாள்.

ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். தலைமுடியில் நீராவியும் சோப்பும் கலந்த வாசனை இருக்கும். அந்த ஒரு கணத்தில் அவனும் அவளை முகர்ந்துகொள்வான். அது அவளுக்குத் தெரியாது.

அவளுடைய தம்பி வாயை மூடாதவன். வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். "மாமா, அக்காவுக்கு இருக்கறது மூக்கில்ல, செக்போஸ்ட்" என்பான்.

செக்போஸ்ட்டை ஏமாற்ற அவன் கிராம்பு மென்ற காலம் உண்டு. கிராம்பு மணந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று அவள் சீக்கிரமே கண்டுகொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அப்படியும் பல வருடம் மென்றான்.

ஒருநாள் லிஃப்ட் குழிக்குமேல் கை நடுங்கி ஸ்பேனர் நழுவியது. கீழே நின்ற கூட்டாளியின் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. வைத்தியம் பார்த்துக்கொண்டு வா, இல்லையென்றால் வராதே என்றார் மேலாளர். டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆலோசகரிடம் மனைவியையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

"குடிச்சது நான் சார். அவ எதுக்கு?"

"ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

ஆலோசகரின் அறை ஐந்தாவது மாடியில். மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி. ஆலோசகர் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மாள். முதல் நாளே சட்டம் போட்டார். தினம் காலையில் அவள் முன்னால் அவன் மாத்திரை போட வேண்டும். இன்றைக்குக் குடிக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அவள் நன்றி சொல்ல வேண்டும். அதோடு அன்றைக்கு அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும். பையைத் துழாவக் கூடாது. முகர்ந்து பார்க்கக் கூடாது.

"மோந்து பாக்காம எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

"காலைல அவர் சொல்றாரே, அதுதான் உங்களுக்குத் தெரிஞ்சது. மிச்சத்த அவர் பாத்துப்பார்."

"பாலுக்குப் பூனையக் காவல் வைக்கச் சொல்றீங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. ஆலோசகர் இருவரையும் பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கே" என்றார்.

அவள் சட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். விரிப்பை மடிக்கும்போது ஓரத்தோடு ஓரம் வைக்கிறவள். காலையில் மாத்திரையும் தம்ளரும் மேசைக்கு வந்துவிடும்.

"இன்னைக்குக் குடிக்க மாட்டேன்."

"நன்றி."

முதலில் இருவருக்கும் வெட்கமாக இருந்தது. பிறகு பழகியது. மாலையில் அவன் கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

அவ்வளவுதான். அவன் பையை இறக்காமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்பான். அடுப்பில் கரண்டி சத்தம் கேட்கும். அது நிற்காது.

ஒருநாள் வேண்டுமென்றே மேல் பொத்தான் இரண்டையும் போடாமல் போனான். அவள் எட்ட நின்று பார்த்தாள்.

"பட்டன் போடுங்க. சளி பிடிக்கப் போவுது."

குடிக்கிற ஆசை பேருந்து நிறுத்தத்தில் வரும். பல்லைக் கடித்தால் பேருந்தும் வரும், ஆசை போய்விடும். இது போகவில்லை. குழிக்குள் இறங்கிக் கம்பிக்கு எண்ணெய் விடும்போதுகூடக் கழுத்தருகே அந்தக் கை இல்லாதது தெரிந்தது. குடித்த நாளில்கூட அது இருந்தது. இப்போது குடிக்காமல் இருக்கிறான், அது இல்லை. இதை யாரிடம் சொல்வது?

அந்த மாலை கடையில் கிராம்பு வாங்கினான். நான்கை வாயில் போட்டு நன்றாக மென்றான். மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சந்தேகம் வந்தால் வருவாள். வந்தால் சுத்தமான மூச்சை அவள் முகத்தில் விடுவான். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது, பெண் பார்க்கப் போன அன்றைக்கு அடித்ததுபோல.

கதவைத் திறந்தான். ரேடியோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் தம்பிக்குத் தேநீர் கொண்டுவந்துகொண்டிருந்தாள்.

"வாங்க மாமா, நூறு ஆயுசு உங்களுக்கு. இப்பதான் அக்கா உங்களப் பத்திப் பெருமையா…" ரேடியோ மூக்கைச் சுருக்கினான். "என்ன மாமா, கிராம்பு வாசம் தூக்குது? பழைய ஸ்டேஷனா?"

அவள் கையில் தேநீர் தளும்பியது. தம்ளரை வைத்தாள். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கிட்டே வரவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் தண்ணீர் ஓடியது.

ரேடியோ முதல்முறையாகப் பேசாமல் தேநீர் குடித்தான்.

அவன் சமையலறை வாசல்வரை போனான். "நான் குடிக்கல."

"நான் ஒண்ணும் கேக்கலியே. கேக்கக் கூடாது."

காலையில் மாத்திரை வைத்தாள். அவன் சொன்னான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த வாரம் ஆலோசகரின் கட்டடத்து லிஃப்டில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். அறைக்குள் போனதும் அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"இவர் திரும்ப ஆரம்பிச்சிட்டார் மேடம்."

"பாத்தீங்களா?"

"பாக்கல. கிராம்பு வாசன வந்துது. கிட்டப் போய் மோந்தா தெரிஞ்சிருக்கும். நீங்கதான் கூடாதுன்னிட்டீங்களே."

ஆலோசகர் அவன் பக்கம் திரும்பினார்.

"குடிக்கல மேடம். வெறும் கிராம்புதான்."

"அப்ப எதுக்குக் கிராம்பு?" இது அவள்.

அவன் கையைப் பார்த்தான். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.

"நீ மோந்து பாப்பேன்னு."

மின்விசிறி சுற்றியது.

"என்னது?"

"சந்தேகம் வந்தா கிட்ட வருவேன்னு நெனச்சேன். நீ கிட்டயே வர்றதில்ல."

"பைத்தியமா உங்களுக்கு? அன்னைக்கி ராத்திரி பூரா நான் தூங்கல. பொழப்பு மறுபடியும் போச்சுன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். கிட்ட வரணும்னா வான்னு சொல்ல வாயில்லையா?"

"எப்படிச் சொல்றது?"

அவள் புடவை ஓரத்தை எடுத்து மடித்தாள். மறுபடி மடித்தாள்.

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றாள், ஆலோசகரிடம் சொல்வதுபோல. "தெனம் கதவு சத்தம் கேட்டா காலு தானா வாசலுக்குக் கெளம்பும் மேடம். நிறுத்திப்பேன். போனா, மோந்து பாக்க வந்தேன்னு இங்க வந்து சொல்லிடுவாருன்னு. கல்யாணமானதுலேருந்து அப்படித்தான் கிட்டப் போயிருக்கேன். வேற எதுக்குக் கிட்டப் போவாங்கன்னே மறந்துபோச்சு."

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். நேரம் முடிந்து எழுந்தபோது, "நம்பறீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"யோசிக்கறேன்" என்றாள் அவள்.

லிஃப்ட் வந்தது. அவன் வழக்கமான மூலையில் போய் நின்றான். கதவு மூடியது. மேலே கம்பி லேசாக முனகியது. எண்ணெய் வேண்டும் என்று வேறு நாளாயிருந்தால் சொல்லியிருப்பான்.

"இன்னும் இருக்கா?"

"என்ன?"

"கிராம்பு."

அவன் சட்டைப் பையைக் காட்டினான். அவள் தன் மூலையிலிருந்து வந்தாள். பைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"இந்தக் காரத்தையா இத்தன வருஷம் மென்னீங்க?"

"பழகிடும்."

"பழக வேணாம்."

விரல்கள் இன்னும் பைக்குள்ளேயே இருந்தன. துணிக்கு அந்தப் பக்கம் அவன் நெஞ்சு அடித்தது. நீராவி, சோப்பு, இப்போது கிராம்பும். அவள் முகம் அவன் கழுத்துக்குக் கீழே இருந்தது. நிமிரவில்லை.

அவன் பழக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது மாடி. முதல் மாடி.

அவள் ஊதச் சொல்லவில்லை. அவன் மெல்ல மூச்சை விட்டான்.