நாற்பத்தெட்டுப் படுக்கைகள், ஒரு அவசர வழி

எனக்கு மூக்கு மேல கோபம்னு வீட்டுல சொல்லுவாங்க. இருபத்திரெண்டு வருஷம் ஒரே ரூட்டுல கண்டக்டரா ஓடிப் பாருங்க, உங்களுக்கும் வரும். அதுலயும் டிரைவர் சீட்ல உக்காந்திருக்கறது பொண்டாட்டியோட அண்ணன்னா திட்டவும் வழி கிடையாது. காலைல மச்சானை ஒரு வார்த்தை சொன்னா, சாயங்காலம் வீட்டுல எனக்குப் பத்து வார்த்தை திரும்பி வரும். அதனால என் கோபம் பூரா பயணிங்க மேலதான் இறங்கும். அவங்களுக்கும் பழகிப்போச்சு.

எங்க ரூட்டுல நாலு ஆஸ்பத்திரி. நாலும் சின்னது. நாலுக்கும் சேத்து ஒரே ஒரு பிசியோ மேடம். முழங்கால் மடங்காதவங்க, கழுத்து திரும்பாதவங்க, கை விளங்காதவங்க எல்லாருக்கும் அவங்கதான். ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசல்லயும் எங்க வண்டி அரை மணி நிக்கும். அதுக்குள்ள உள்ள ஓடி, பாக்கறதைப் பாத்துட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து ஏறிடுவாங்க. மொத்தத்துல நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஆஸ்பத்திரி, ஆறு மணி நேரம் பஸ். அவங்க சம்பளம் பாதிக்கு மேல ஜன்னல் வழியா வேடிக்கை பாக்கறதுக்குத்தான்னு மச்சான் கிண்டல் பண்ணுவார்.

மூணாவது ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குன்னு ஒரு பொண்ணு வந்துச்சு. கடைசி வருஷம். எப்பப் பாத்தாலும் கைல, பயிற்சி நேரத்தை எழுதி வெக்கற ஒரு தடி நோட்டு. அதனால அதுக்கு லாக்புக்குன்னே பேர் வெச்சுட்டேன். ஒரு வாரம் கழிச்சு, மேடத்தை வண்டி ஏத்த வந்த இடத்துல, படில நின்னுக்கிட்டு அழுதுச்சு.

"அழறதா இருந்தா உக்காந்து அழு, படில நிக்காத,"ன்னு கத்தினேன். உள்ள வந்து உக்காந்து அழுதுச்சு.

விஷயம் இதுதான். காலேஜ் குடுத்தது ஒம்பது வாரம். முடிக்க வேண்டியது இருநூத்தி நாப்பது மணி நேரம். மேற்பார்வையாளர் கண் பார்வையில இருந்த நேரம் மட்டும்தான் சேரும். மேடம் அந்த ஆஸ்பத்திரில இருக்கறதே நாளைக்கு அரை மணி. "இப்படியே போனா நானூத்தி எண்பது நாள் ஆகும் மேடம்,"னு சொல்லிச்சு. போன வருஷம் வேற ஒரு இடத்துல அந்த மணிக்கணக்குல பாதியை முடிச்சிருக்கு. அங்க மேற்பார்வையாளரை மாத்திட்டாங்க. பாத்ததெல்லாம் செல்லாதுன்னு கோடு போட்டுட்டாங்க. "இந்தத் தடவையும் முடிக்கலைன்னா காலேஜ்ல பேரையே எடுத்துருவாங்க."

மேடம் என் பக்கம் திரும்பினாங்க. "நான் அதிகமா இருக்கற இடம் எது?"ன்னு கேட்டாங்க.

"இந்த சீட்டுதான்,"னேன்.

"அப்போ நீ இங்க வா,"ன்னாங்க அந்தப் பொண்ணைப் பாத்து.

நான் சிரிச்சுட்டேன். காலேஜ் சிரிக்கல. படிவம் அனுப்பிச்சு, புதுப் பயிற்சி இடத்துக்கு உண்டானது. வண்டி ஓடும்போதே லாக்புக்கு படிக்க, நான் பதில் சொல்ல, மேடம் எழுதினாங்க.

"படுக்கைகள் எத்தனை?"

"நாப்பத்தெட்டு. உக்காந்த நிலையில."

"புறநோயாளிகள்?"

"நிக்கறவங்க பன்னெண்டு பேர் வரைக்கும் அனுமதி."

"காற்றோட்டம்?"

மச்சான் முன்னாடியிருந்து குரல் குடுத்தார். "அஞ்சு கண்ணாடி மூடவே மூடாது, அதையும் போட்டுக்கோம்மா!"

அவசர வழி இருக்கா? இருக்கு, சிவப்புல எழுதியே இருக்கு. தீயணைப்புக் கருவி? இருக்கு. முதலுதவிப் பெட்டி? இருக்கு. அதுக்குள்ள மச்சானோட சீப்பும் கண்ணாடியும்தான் இருந்துச்சு, ஆனா பெட்டி இருக்கான்னுதானே கேட்டிருந்தாங்க? வருகைக்குச் சான்று? அட, டிக்கெட்டைவிட என்னய்யா சான்று வேணும்? ஏறின நேரம், ஏறின இடம் எல்லாம் மெஷினே அடிச்சுக் குடுக்குது.

மூணாம் நாளே பதில் வந்துருச்சு. பஸ்ஸுக்கு அங்கீகாரம். அதே கடுதாசில, அந்த ஆஸ்பத்திரிக்கு அவசர வழி இல்லாததால அங்கீகாரம் ரத்து, அங்க முடிச்ச ரெண்டரை மணி நேரமும் ரத்து. இனி மிச்சம் எட்டு வாரம். வாரத்துக்கு அஞ்சு நாள், நாளைக்கு ஆறு மணி. கூட்டிப் பாத்தா சரியா இருநூத்தி நாப்பது. ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தாக்கூட கணக்கு உதைக்கும்.

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க என் தலைவலி. ஆஸ்பத்திரில மேடம் அரை மணி, பஸ்ல ஆறு மணி. ஜனங்க என்ன முட்டாளா? ஆஸ்பத்திரி வராந்தால காத்துக்கிடந்த கூட்டம் மொத்தமும் என் வண்டில ஏறிடுச்சு. வாட்ச் ரிப்பேர் பாக்கற ஒருத்தர், முழங்கால் மடங்காது, காலைல ஏறினா சாயங்காலம் வரைக்கும் இறங்கறதே இல்ல. இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தாலும், "இன்னும் அஞ்சு தடவை மடக்கணும் கண்டக்டர்,"ங்கறார்.

"மடக்கிக்கிட்டே இறங்குய்யா!"ன்னா கேக்கணுமே.

இடது பக்கம் வளைவு வந்தா எல்லாரும் வலது காலை ஊன்றணும், வலது வளைவுக்கு இடது கால். லாக்புக்கு நடுவுல நின்னு சொல்லும், அறுபது பேர் செய்வாங்க. நோயே இல்லாதவங்களும் செஞ்சாங்க. ஆபீஸ் போற ஆளுங்க பைய மடில வெச்சுக்கிட்டுக் கழுத்தைத் திருப்பினாங்க. நான் டிக்கெட் குடுக்கப் போனா, "இருங்க, எண்ணிக்கிட்டிருக்கேன்,"னு கையைக் காட்டறாங்க. என் பஸ்ல என்னையே காக்க வெக்கறாங்க!

இன்னொரு தொல்லை, மேடம் தூக்கம். பாவம், அந்த அலைச்சலுக்கு யாருக்கும் கண்ணு சொருகும். ஆனா கண்ணை மூடினா கண் பார்வை எங்க? அந்த நிமிஷத்தை எழுதக் கூடாதுன்னு லாக்புக்கு பேனாவைக் கீழ வெச்சுடும். அவ்வளவு நேர்மை, எரிச்சலா வரும். ஒரு நிமிஷம்கூட உபரி இல்லாத கணக்கு இது. வேற வழி? மேடம் தலை சாஞ்சா காதுகிட்டப் போய் விசில் அடிப்பேன். மச்சான் விசிலைக் கேட்டு பிரேக் போடுவார். எல்லாரும் என்னைத் திட்டுவாங்க. மேடம் முழிச்சுக்குவாங்க.

பாலத்து ஸ்டாப்ல வண்டி அஞ்சு நிமிஷம் நிக்கும். அங்க ஒரு பயிற்சி. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி, கண்ணை மூடி, பத்து எண்ணணும். மச்சானும் இன்ஜினை அணைச்சுட்டு டிரைவர் சீட்லயே செய்வார். சும்மா செய்ய மாட்டார், நாடகம் போடுவார். ஒரு கையைத் தொங்க விட்டுட்டு, "ஐயோ, என் கை எங்க, யாராவது பாத்தீங்களா?"ம்பார். பஸ்ஸே சிரிக்கும்.

கடைசி நாள் வந்துச்சு. அன்னைக்குப் பரீட்சையும். காலேஜ்லேர்ந்து நெடுநெடுன்னு ஒருத்தர் வந்து ஏறினார், பரீட்சை ஐயா. குறிச்சு வெச்ச நோயாளி வாட்ச் ரிப்பேர்க்காரர். மனுஷன் புதுசா இஸ்திரி போட்ட பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டி விட்டுக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருந்தார். பாலத்துக்கு வரும்போது லாக்புக்குக்குப் பாக்கி ஒரு மணி பத்து நிமிஷம். நானும் மெஷின்ல மணியைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

முழங்காலைப் பாதி பாத்துட்டு, வழக்கமான கைப் பயிற்சியையும் செஞ்சு காட்டச் சொன்னார் ஐயா. எல்லாரும் கையை நீட்டிக் கண்ணை மூடினாங்க. நான் மூடல. மூடினா எவன் டிக்கெட் எடுக்காம இறங்குவான்னு யாருக்குத் தெரியும்? அஞ்சு, ஆறு, ஏழு... கண்ணாடில மச்சானோட இடது கை மெதுவா, தானா, கீழ இறங்கிச்சு.

"நடிக்காதீங்க மச்சான், பெரிய மனுஷர் வந்திருக்கார்,"னு சிரிச்சேன். எல்லாரும் கண்ணைத் தொறந்து சிரிச்சாங்க.

லாக்புக்கு மட்டும் சிரிக்கல. முன்னாடி ஓடிச்சு. "அண்ணே, என்னைப் பாத்து சிரிங்க." மச்சான் சிரிச்சார், பாதி வாய்தான் சிரிச்சுது. "உங்க பேரைச் சொல்லுங்க." என்னமோ குழறினார். அந்தப் பொண்ணு சட்டுனு சாவியை உருவிக் கைல வெச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பிச்சு. "அண்ணே, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. பக்கவாதம்."

"இரும்மா, குறிச்ச நோயாளி முழங்கால். பாதில விட்டா மதிப்பெண் போட முடியாது,"ன்னார் பரீட்சை ஐயா.

"இப்ப மணி என்னன்னு எழுதுங்க சார். எப்ப ஆரம்பிச்சுதுன்னு பெரிய ஆஸ்பத்திரில கேப்பாங்க,"ன்னுச்சு திரும்பிக்கூடப் பாக்காம. அவர் எழுதினார்! மேடம் மச்சான் தலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் போன்ல நம்பரை மாத்தி மாத்தி அழுத்தினேன். எட்டு வாரமா அவர் பண்ண நாடகத்துக்கெல்லாம் சிரிச்சவன் நான். அன்னைக்கும் சிரிச்சேன். அதை நெனச்சா இப்பவும் என்னை நானே அறையணும்போல இருக்கு.

இருபது நிமிஷத்துல ஆம்புலன்ஸ் வந்துச்சு. மச்சானை ஏத்தினாங்க. "கூட ஒருத்தர்தான்,"னார் அந்த ஆள். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. சொந்தக்காரன் நான்தானே? ஆனா மச்சான் நல்ல கையால லாக்புக்கு கையைத்தான் பிடிச்சிருந்தார், விடல. அது ஏறிச்சு.

"நீ தனியா ஏறினா மேற்பார்வை இல்ல. பாக்கி அம்பது நிமிஷம் போச்சு, தெரியுமில்ல?"ன்னார் பரீட்சை ஐயா.

"தெரியும் சார்,"னுச்சு.

எனக்கு வந்துதே ஒரு கோபம். இருபத்திரெண்டு வருஷக் கோபமும் சேந்து வந்துச்சு. மேடத்தைப் பிடிச்சு ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டேன். "ரெண்டு பேர் ஏறக்கூடாது!"ன்னார் ஆம்புலன்ஸ் ஆள். "ஒண்ணு பயிற்சி, ஒண்ணு மேற்பார்வை. ரெண்டும் சேந்தாத்தான்யா ஒரு ஆளு. எடு வண்டிய!"ன்னு கத்தின கத்துல கதவைச் சாத்திட்டு எடுத்துட்டான்.

அப்புறம் டிரிப் ஷீட்டை எடுத்து, பரீட்சை ஐயா கண்ணு முன்னாடியே எழுதினேன். வண்டி பழுது. பயணிகள் இருவர் அதே டிக்கெட்டில் மாற்று வண்டிக்கு மாற்றி விடப்பட்டனர். நேரம், கையெழுத்து.

"இது பஸ் சட்டம்யா,"ன்னார்.

"பஸ்ஸைப் பயிற்சி இடம்னு எழுதிக் குடுத்தது யாரு? நீங்கதானே? அப்போ பஸ் சட்டம்தான்."

மனுஷன் டிரிப் ஷீட் நம்பரைத் தன் தாள்ல குறிச்சுக்கிட்டார். நாங்க நாப்பது பேரும் பாலத்துலயே வேற டிரைவருக்குக் காத்துக்கிட்டிருந்தோம். பொண்டாட்டி போன் பண்ணி, "எங்க அண்ணன் எங்க?"ன்னா. அதுவரைக்கும் கத்திக்கிட்டிருந்தவன் அப்பத்தான் அழுதேன். வாட்ச் ரிப்பேர்க்காரர் பேன்ட்டை இறக்கி விட்டுக்கிட்டு, பக்கத்துல வந்து உக்காந்தார்.

மச்சான் பொழைச்சுக்கிட்டார். நேரத்தைக் குறிச்சுக் குடுத்ததும், சீக்கிரமா கொண்டு வந்ததும்தான் காப்பாத்துச்சுன்னு பெரிய ஆஸ்பத்திரில சொன்னாங்க. காலேஜ்லேர்ந்தும் கடுதாசி வந்துச்சு. மாற்று வண்டி ஏற்கப்பட்டது, இருநூத்தி நாப்பது மணி நேரமும் சரி, மதிப்பெண்ணும் போட்டாச்சு. ஆனா பரீட்சைத் தாள்ல, பரிசோதிச்ச நோயாளியோட கையெழுத்து இல்ல. மாசக் கடைசிக்குள்ள, பயிற்சி இடத்துலயே, மேற்பார்வையில வாங்கணும். கைநாட்டு செல்லாது. இல்லைன்னா பரீட்சை செல்லாது.

"நான் போடறேன்மா, என் முழங்காலைப் பாத்தேதானே?"ன்னார் வாட்ச் ரிப்பேர்க்காரர்.

"முழுசாப் பாத்தது டிரைவர் அண்ணனைத்தான்,"னு சொல்லிட்டு நோட்டை மூடிடுச்சு. இந்த நேர்மையை வெச்சுக்கிட்டு என்னத்தப் பண்றது? மச்சான் இடது கைக்காரர். அதே கைதான் போச்சு.

மாசக் கடைசி நாள், எங்க வீட்டு ஸ்டாப்ல என் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு மச்சான் நின்னார். ஏற மட்டும் அவ உதவியை வேணாம்னுட்டார். கம்பியைப் பிடிச்சு, காலை இழுத்து இழுத்து, மூணு படி. வாழ்க்கையிலேயே முதல் தடவையா அவருக்கு டிக்கெட் கிழிச்சுக் குடுத்தேன். வாங்கிப் பாத்துட்டு, "சில்லற இல்ல மாப்ள,"ன்னார் குழறலா. அந்தக் கிண்டல் திரும்பி வந்ததே எனக்குப் போதும்.

பாலத்து ஸ்டாப்ல புது டிரைவரை இன்ஜினை அணைக்கச் சொன்னேன். மச்சான் மடில ஒரு பலகை, அது மேல தாள். கட்டம் ரெண்டு விரல் அகலம். பேனாவை வெச்சார். விழுந்துச்சு. திரும்ப வெச்சார். லாக்புக்கு பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து, அவர் முழங்கையை மட்டும் பாத்துக்கிட்டிருந்துச்சு. "தோளைத் தூக்காதீங்க அண்ணே. அவசரமே இல்ல."

ஆபீசுக்கு லேட்டாகும்னு ஒருத்தரும் குரல் எழுப்பல. முதல் எழுத்து வந்துச்சு. அடுத்தது பாதில நின்னு, திரும்ப நகந்துச்சு. கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி, மேற்பார்வையாளர் கட்டத்துக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு. மச்சானுக்கு வேர்த்துக் கொட்டிச்சு. பேனாவைக் கீழ வெச்சுட்டு, அந்தப் பொண்ணு தலையில தன்னோட இடது கையை வெச்சார். தானா தூக்கி வெச்சார்.

மேடம் தன் கையெழுத்தை, கிடைச்ச மூலைல சின்னதாப் போட்டாங்க.

நான் மெஷின்ல மணியைப் பாத்தேன். கண்ணைத் தொடச்சுக்கிட்டுத் திரும்பவும் பாத்தேன்.

"பாப்பா, பதினோரு நிமிஷம் ஆயிருக்கு,"ன்னேன். "மேடம் கண்ணை இமைக்கக்கூட இல்ல, நான் சாட்சி. அதையும் எழுதிக்கோ."

"இருநூத்தி நாப்பது போதும் அண்ணே, முடிஞ்சுபோச்சு."

"எழுதுன்னா எழுது!"ன்னு கத்தினேன். எழுதிச்சு. நான் விசில் அடிச்சேன்.