வேரில் கட்டிய மருந்து

குலையைக் காணோம்.

அன்புச்செல்வன் அண்ணாந்து பார்த்தான். மேலூர்த் தோப்பில் நேற்று வரை தொங்கிய செவ்விளநீர்க் குலை. இன்று வெட்டுப்பட்ட காம்பு மட்டும் மிச்சம்.

திருட்டு போனதல்ல விஷயம். அந்த மரத்தில் தண்டைக் குடையும் கூன்வண்டு விழுந்திருந்தது. முந்தாநாள்தான் வேரைச் சீவி, பூச்சிமருந்துப் பையைக் கட்டியிருந்தான். வேர் உறிஞ்சும் மருந்து காய் வரை ஏறும். ஒன்றரை மாதத்துக்கு அந்தக் காயை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

இளநீர் வண்டிகளைத் தேடி பைக் பறந்தது.

அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு தள்ளுவண்டி. பச்சைக் காய்களுக்கு நடுவே செவ்விளநீர் கண்ணை உறுத்தியது. வியாபாரி தங்கையன் ஒரு பெரியவரிடம் அளந்துகொண்டிருந்தான்.

"சூட்டுக்குக் கேக்கும், வயித்துப்புண்ணுக்குக் கேக்கும். காய்ச்சல்ல கெடந்த உடம்புக்கு இதுதாங்க குளுக்கோஸ்!"

ஓங்கிய அரிவாள் கையை அன்புச்செல்வன் பிடித்தான்.

"வெட்டாத! ஏது இந்தக் காய்?"

"பொள்ளாச்சி லோடு. நீங்க என்ன, ஆபீசரா?"

"மேலூர்த் தோப்புக்காரன். அந்த மரத்துக்கு மருந்து கட்டியிருக்கேன்யா. விஷம்!"

தங்கையன் சிரித்தான். "காய் போன ஆத்திரத்துல இப்படி ஒரு கதையா சார்?"

பெரியவர் மெல்ல நழுவினார். அன்புச்செல்வன் செல்போனை நீட்டினான். திரையில் மரத்தடி, வேரில் கட்டிய பிளாஸ்டிக் பை, பக்கத்தில் மருந்து பாட்டில்.

தங்கையனின் சிரிப்பு நின்றது.

"இந்தப் பை... ஏறும்போது கால்ல தட்டுச்சு" என்று முனகினான்.

"எத்தனை வித்த?"

"ரெண்டே ரெண்டு. ஒரு முஸ்லிம் அம்மா. வீட்டுக்காரருக்கு மஞ்சக்காமாலையாம். வெட்ட வேணாம், வீட்ல போய் வெட்டிக்கிறேன்னு முழுசா வாங்கிட்டுப் போனாங்க. வீடு உறையூராம்."

"எப்ப?"

"முக்கா மணி நேரம் இருக்கும்."

இந்நேரம் வீடு சேர்ந்திருப்பாள்.

"காசு எப்படிக் குடுத்தாங்க?"

"போன்ல அனுப்புனாங்க."

தங்கையனின் போனில் பெயர் இருந்தது: ஷரீபா. நம்பரும் இருந்தது. அடித்தார்கள். மணி போனது, கட். மறுபடியும் கட்.

"தெரியாத நம்பர்னு கட் பண்றாங்க. ஒரு ரூபா அனுப்பு. கூடவே விஷயத்தை எழுது. காசு வந்தா எடுத்துப் பார்ப்பாங்க."

தங்கையனின் விரல் திரைக்கு மேலே நின்றது. "நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும் சார். நாளைக்கு போலீசு..."

"அங்க ஒரு மனுஷன் வாயில வைக்கப் போறான்யா!"

விரல் இறங்கியது. 'இளநீர் குடிக்காதீங்க. பூச்சிமருந்து ஏறின காய்.' ஒரு ரூபாய் போய்ச் சேர்ந்தது.

பதில் இல்லை. ஒரு டவுன் பஸ் ஹாரனை அலறவிட்டுக் கடந்தது.

போன் அடித்தது.

"யாருங்க நீங்க? என்ன இது, விஷங்கிறீங்க?"

"அவரு குடிச்சிட்டாராம்மா?" இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"டம்ளர்ல ஊத்தி வச்சிருக்கேன். லுஹர் தொழுதுட்டுக் குடிக்கிறேன்னாரு..."

"கொட்டிடுங்க! இன்னொரு காயையும் தொடாதீங்க!"

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம். பிறகு குரல் வெடித்தது. "யா அல்லாஹ்! நோயாளிக்குன்னு சொல்லித்தானே வாங்கினேன்? எவன்யா இதை வித்தவன்?"

அன்புச்செல்வன் வாய் திறப்பதற்குள் தங்கையன் முந்திக்கொண்டான்.

"நான்தாம்மா. திருட்டுக் காய்னு தெரியும். மருந்துக் காய்னு தெரியாது."

போனை வைத்தான். மிச்சமிருந்த செவ்விளநீரை ஒன்று விடாமல் அவனே சாக்கில் போட்டு வாயைக் கட்டினான்.

"ஸ்டேஷனுக்கு உங்க பைக்லயே வரட்டுங்களா?"

அன்புச்செல்வன் பைக்கை உதைத்துக் கிளப்பினான். "சாக்கை நடுவுல வச்சுக்கிட்டு ஏறு."