கயிறு பிடிக்க ஓர் ஆள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எழுத நினைத்தது முத்துக்குளிப்புக் கதை. அதற்காகத்தான் தூத்துக்குடிக்குப் போனேன். ஒரு முத்துகூடக் கண்ணில் படவில்லை. தோணிக்காரர் ஒருவர் சொன்ன சங்கதிதான் மிச்சம்: கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். தங்கச்சி தாலியாயிற்றே, அவனுக்குக் கண் அயராது.*

திரும்பும் வழியில் உப்பளத்தைப் பார்த்தேன். கதை அங்கே கிடந்தது.

(* மச்சான் இல்லாதவன் என்ன செய்வான் என்று கேட்டேன். "நம்புன ஆளு பிடிப்பான், வேறென்ன?" என்றார்.)

2

1942. யுத்த மேகங்கள் சூழ்ந்த... வேண்டாம், இப்படி ஆயிரம் பேர் ஆரம்பித்தாயிற்று.

தேவபிரசாதம் ஒரு மகத்தான விஞ்ஞா... அடித்துவிட்டேன். மகத்தானவர்களோடு என்னால் ஒரு பக்கம்கூடக் குப்பைகொட்ட முடியாது. அவன் ரசாயனம் படித்த நாசரேத்துக்காரன். தூத்துக்குடி மில்லர்புரத்தில் தங்கை கிருபையோடு குடியிருந்தான். அவளுக்கு வலிப்பு. சீமை மாத்திரையில் அடங்கியிருந்தது. யுத்தத்தில் கப்பல் நின்றது, மாத்திரையும் நின்றது.

உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் புரோமைடு இருக்கிறது. அது மூளையைத் தணித்துத் தூங்கவைக்கும், வலிப்பையும் அடக்கும். அதைப் பிரித்தெடுக்க மாதக்கணக்காய் வீட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டான். மீன்குழம்பு வைக்க இடமில்லாமல் கிருபை திட்டித் தீர்த்தாள்.

ஒருவழியாகப் பொடி வந்தது. சுத்தமா, விஷமா? முதலில் தானே தின்று பார்ப்பதென்று முடிவெடுத்தான். மணிக்கட்டில் தோணிக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை அவளிடம் தந்தான்.

"ஏளா, படுக்கும்முன்னே ஒருக்க இழு. நான் முனங்குனா நீ போய்த் தூங்கு."

"முனங்கலைன்னா?"

"டாக்டரைக் கூப்பிடு. பின்னே, பாட்டா பாடுவ?"

3

(இங்கே ஓர் இரவு வர வேண்டும். அவன் தூங்கினான், அதில் எழுத என்ன இருக்கிறது?)

விடிந்ததும் மணிக்கட்டு எரிந்தது. தோல் உரிந்திருந்தது. சுவரோரம் கிருபை, கையில் கயிறு, கண் செக்கச்சிவந்து.

"ஏளா, தூங்கலையா?"

"ஒருக்க இழுத்தேன், முனங்குன. அதுக்கப்புறம் நீ செத்துட்டன்னா? அதான் விடிய விடிய இழுத்துட்டே கெடந்தேன்."

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். கண் விழித்த மறுநாள்தான் அவளுக்கு வலிப்பு வரும். தூக்கத்துக்கும் வலிப்புக்கும் உள்ள பகைதான் அவனுடைய ஆராய்ச்சியே! அவளைக் காப்பாற்றப் போய் அவள் தூக்கத்தையே பறித்துவிட்டான், பாவி.

"வெரல் துடிக்குது அண்ணே, வலிப்பு வரப் பாக்குது. அந்தப் பொடிய தா."

"நான் சாகலைங்கிறது மட்டுந்தான் தெரியும். உனக்கு எவ்வளவு தாங்கும்னு தெரியாதே."

"வலிப்பு எவ்வளவு தாங்கும்னு கேட்டுட்டா வருது?"

4

முடிவு ஒன்று: அவன் கொடுக்கவில்லை. மதியம் அடுப்படியில் அவள் விழு... (எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். எழுத மாட்டேன்.)

முடிவு இரண்டு: கொடுத்தான். நன்றாகத் தூங்கி எழுந்து மீன்குழம்பு வைத்தாள். (ஆசையாகத்தான் இருக்கிறது. பொடி என் ஆசையையா கேட்கும்?)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பாதி அளவு கலக்கிக் கொடுத்தான். அவள் குடித்துவிட்டு, கயிற்றைத் தன் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையை நீட்டினாள்.

"நீ தூங்கிராதே அண்ணே."

"மாட்டேன் ளா."

அவள் கண் மூடினாள். ஆனால் நேற்றுத் தின்ற பொடி இன்னும் அவன் உடம்பில் இருக்கிறதே! தலை சாய்கிறது. உதறி நிமிர்கிறான். மறுபடியும் சாய்கிறது. நான் கத்தினால் அவனுக்குக் கேட்காது. கயிறு விரலிலிருந்து நழுவுகிறது.

அங்கே விழித்திருப்பது நீங்கள் மட்டும்தான். எடுங்கள், ஒருமுறை இழுங்கள்.

முனங்குகிறாளா?