ஹைமவதி ஃப்ரிட்ஜில் நான்கு வாழைக்காய்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோக்காரர் வேடியப்பன் சொன்னது. அவர் ஐந்தாறு வாக்கியத்தில் முடித்துவிட்டார். மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது. படித்துவிட்டு அவரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு நாள் திண்டாடினேன்.

“மலையுச்சியில் மேகம் கவிந்திருந்த ஒரு காலையில்” (அடித்துவிட்டேன். மேகத்துக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.)

“பசி என்பது” (இதையும் அடித்துவிட்டேன். மூன்று வேளையும் மூக்குப்பிடிக்கச் சாப்பிடுகிறவன் இந்த வாக்கியத்தை எந்த முகத்தோடு முடிப்பது?)

“ஹைமவதி ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.” இது போதும். ஆனால் அவள் யாரென்று உங்களுக்குத் தெரியாதே.

2

ஹைமவதி, கோயில் குருக்கள் விக்னேஷ்வரனின் மனைவி. வட ஒத்தவாடைத் தெருவை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் வீடு. புது ஃப்ரிட்ஜ் வாங்கியபோது பழையதை எக்ஸ்சேஞ்சில் போட அவளுக்கு மனம் வரவில்லை. தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மணியை இரண்டு வாரம் நச்சரித்து, கடைச் சுவரோரம் நிழலில் அதை நிறுத்தவைத்தாள். கரண்ட் மணியுடையது. “அதிகமாக இருப்பதை வையுங்கள், வேண்டியதை எடுங்கள்” என்று அட்டையில் தானே எழுதி ஒட்டினாள்.

முதல் மாதம் ஜோராகப் போனது. பால் பாக்கெட், தக்காளி, அரைக்கிலோ ரவை என்று தெருவே கொண்டுவந்து வைத்தது. லாட்ஜில் துணி துவைக்கிற பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என்று ஆளாளுக்கு எடுத்துப் போனார்கள். இருபது வருஷமாக இந்த ஊரில் அவளுக்குக் குருக்கள் சம்சாரம் என்பதுதான் பெயர். இப்போதுதான் முதல்முறையாக “ஹைமவதியம்மா ஃப்ரிட்ஜ்” என்று நாலு பேர் சொன்னார்கள். அதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆசைதானே, அதை ஏன் மறைக்கவேண்டும்?

பிறகு அமாவாசை வந்தது. அதற்கப்புறம் ஒருவரும் ஃப்ரிட்ஜைத் தொடவில்லை.

ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். மணி கடையை விட்டு இறங்கி வந்தான்.

“இன்னாம்மா இது? வைக்கிறதும் இல்ல, எடுக்கிறதும் இல்ல. சும்மா ஓடுறதுக்கு இன்னாத்துக்கு கரண்டு? ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்குறேன். அப்புறம் பிளக்கைப் புடுங்கிடுவேன், சொல்லிட்டேன்.”

3

சனிக்கிழமை காலை. ஹைமவதி ஃப்ரிட்ஜைத் திறந்தாள். (அப்பாடா, வந்து சேர்ந்தோம்.) அவள் அமாவாசையன்று வைத்த துணிப்பை வைத்தபடியே இருந்தது. பச்சரிசி, துவரம்பருப்பு, நான்கு வாழைக்காய். எதிரே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த வேடியப்பனைக் கூப்பிட்டாள்.

“ஏம்ப்பா, வாழைக்காய் நன்னாத்தானே இருக்கு? ஒருத்தரும் ஏன் எடுக்கலை?”

வேடியப்பன் துடைக்கிற துணியை நான்காக மடித்தார். “தப்பா நெனைச்சிக்காதீங்கம்மா. அமாவாச அன்னிக்கு அரிசி, பருப்பு, வாழக்காய் மூணையும் ஒரே பைல வச்சிட்டீங்க. அது செத்தவங்க பேர்ல ஐயருக்குக் குடுக்கிறது. யாரோட தாத்தாவுக்கோ குடுத்தத எடுத்துனு போயி நாங்க கொழம்பு வைக்க முடியுமா?”

“ஐயய்யோ! அது சாம்பாருக்குப்பா!”

“உங்களுக்குத் தெரியும். பைக்குத் தெரியுமா?”

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. குருக்கள் வீட்டுப் பெண்ணுக்கு இதுகூடவா தெரியாது? நம்புகிற மாதிரி இல்லையே என்று பேனாவை வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால், அவளைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது என்று பட்டது. அன்று அவளும் கடையில் வாழைக்காய் வாங்கினாள், குருக்களும் திதி கொடுத்தவர்களிடமிருந்து வாங்கிவந்தார். அரிசியும் பருப்பும் வாழைக்காயும் எந்நேரமும் கூடத்தில் கிடக்கிற வீடு அது. அவளுக்கு அது மளிகை. தெருவுக்கு அது திதி.)

“சரி, நானே எடுத்துண்டு போயிடறேன்” என்றாள்.

“எடுத்தா, ஆமா அது திதிதான்னு ஆயிடும். ஃப்ரிட்ஜுக்கே பேரு கெட்டுடும்மா. நீங்க ஒண்ணு பண்ணுங்க. வேற யாராச்சும் வச்சத எடுத்து இங்கியே சாப்பிடுங்க. குருக்களம்மாவே இதுலேர்ந்து எடுத்துத் துன்னுட்டாங்கன்னா அப்புறம் யாருக்கு இன்னா பயம்?”

ஹைமவதிக்கு முகம் சிவந்தது. இத்தனை நாளில் அந்த ஃப்ரிட்ஜிலிருந்து அவள் ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூட எடுத்ததில்லை. எடுப்பது மற்றவர்கள் வேலை என்றே இருந்துவிட்டாள். வைக்கும்போது நாம் கொஞ்சம் உயரமாகிவிடுகிறோம். எடுக்கக் குனியவேண்டும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

4

பைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தூக்குச்சட்டி இருந்தது. எதிர்முனையில் பூ விற்கிற காசியம்மாள் அன்று காலைதான் வைத்திருந்தாள். பக்கத்து அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வருகிறவள். தெருவே பயந்து ஒதுங்கியபோது துணிந்து கதவைத் திறந்தவள் அவள் ஒருத்திதான். உள்ளே வேர்க்கடலை.

நான் முதலில் பச்சை வேர்க்கடலை என்றுதான் எழுதினேன். அப்படி எழுதியிருந்தால் இந்நேரம் கதை முடிந்திருக்கும். பச்சையாக எதை யார் கொடுத்தாலும் குருக்கள் வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் வேடியப்பன் சொன்னது அவித்த வேர்க்கடலை. உப்புப் போட்டு, தண்ணீர் ஊற்றி, காசியம்மாள் வீட்டு அடுப்பில் அவித்தது. இன்னொரு வீட்டு அடுப்பில் வெந்ததை அந்த வீட்டில் தொடமாட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஹைமவதியும் தொட்டதில்லை.*

* “பச்சைக்கடலைன்னு மாத்திக்கட்டுமா?” என்று வேடியப்பனிடம் போனில் கேட்டேன். “அப்புறம் அதுல இன்னா சார் கத கீது?” என்று வைத்துவிட்டார்.

5

மூன்று முடிவு எழுதினேன்.

முதல் முடிவில், தூக்கை எடுத்து “நீ சாப்பிடுப்பா” என்று வேடியப்பனிடம் நீட்டிவிடுகிறாள். சாமர்த்தியம்தான். ஆனால் மறுநாள் மணி பிளக்கைப் பிடுங்கிவிடுவான்.

இரண்டாவதில், வயிறு சரியில்லை என்று சொல்லிக் கதவை மூடுகிறாள். அதை எழுதியபோது எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

மூன்றாவதில், அள்ளிச் சாப்பிடுகிறாள். தெரு கைதட்டுகிறது. அதைப் பிரமாதமாக எழுதியிருந்தேன், சத்தியமாக. படித்துப் பார்த்துக் கிழித்துவிட்டேன். அவள் கையைப் பிடித்துத் தூக்குக்குள் விடுவது எனக்குச் சுலபம். சாயங்காலம் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியது அவள் அல்லவா?

ஆகவே அவள் கதவைத் திறந்தபடி நிற்கிறாள். குளிர் முகத்தில் அடிக்கிறது. வேடியப்பன் ஆட்டோ கண்ணாடியைப் பார்ப்பதுபோல் ஓரக்கண்ணால் அவளைப் பார்க்கிறார். மணி கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறான். பால் வாங்க வந்த இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். காசியம்மாள் பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு இங்கேயே பார்க்கிறாள். தான் வைத்ததை யாராவது எடுப்பார்களா என்ற கவலை ஹைமவதிக்கு மட்டும்தானா இருக்கும்?

ஹைமவதி தூக்கின் மூடியைத் திறந்தாள். (இதுவரை வேடியப்பன் சொன்னது.)

காசியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

“உப்பு கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சி குருக்களம்மா!”

இனி என்னிடம் கேட்காதீர்கள். காசியம்மாளுக்கு ஒரு பதில் சொல்லவேண்டும். ஜாஸ்தியா, சரியாக இருக்கிறதா என்று நீங்களே ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.