நிவாரண் பாபு கலக்காத தண்ணீர்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தா கரியாஹாட் நடைபாதையில் ஒரு பழைய கண்ணாடிக் குழாயை ஜுரமானி என்று என் தலையில் கட்டிவிட்டான் ஒருவன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது சாராயத்தின் காரம் அளக்கும் மிதவை! சாராயத்தில் போட்டால் அமிழும். தண்ணீரில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். இதை வைத்து ஒரு கதையாவது எழுத வேண்டாமா?

2

1910. லேக் கார்டன்ஸில் ஏரிக்காற்று வாங்கியபடி லக்ஷ்மிநாராயணன்...

(அட ராமா! ஏரியையே அப்போது வெட்டவில்லை. அடித்துவிட்டேன்.)

1910. பவானிபூரில் குடியிருந்த லக்ஷ்மிநாராயணன், எக்சைஸ் ஆபீஸில் ஆக்டிங் இன்ஸ்பெக்டர். ஜனங்கள் குறைவாகக் குடிக்க வேண்டும், வரி மட்டும் நிறைய வர வேண்டும் என்பது சர்க்காரின் ஆசை. நடுவில் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர் நம்மவர்.

பெஹாலாவில் சாராயக்கடை வைத்திருந்த நிவாரண் பாபு சரக்கில் தண்ணீர் கலப்பதாகப் புகார். குடிக்க வைப்பது குற்றமில்லை. காரம் குறைத்துக் குடிக்க வைத்தால் லைசென்ஸ் போய்விடும்! கேஸ் ஜெயித்தால் லக்ஷ்மிநாராயணனுக்கு வேலை நிரந்தரம். தோற்றால் சொந்த ஊர் கும்பகோணத்துக்கு ரயில்.

3

கடையில் சாம்பிள் பாட்டில் எடுத்தார். அரக்கு முத்திரை ஆபீஸில் இருந்தது, ஆபீஸோ பூட்டியாகிவிட்டது. பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் காலை, முகர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை வைத்தார்.

அன்றே நடந்த விசாரணையில் வெள்ளைக்கார மேலதிகாரி சாகிப் முத்திரையை உடைத்து மிதவையைப் போட்டார். அது கழுத்தை நீட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றது.

நிவாரண் பாபு அலறினார். "ஓ மா! ஹுஜூர், நான் கால் பங்குதான் கலந்தேன்! முழுக்கத் தண்ணீரா? அவ்வளவு பாவி இல்லை ஹுஜூர் நான்!"

தானே ஒப்புக்கொண்டாயிற்று! "நாளை பத்து மணிக்கு வா, நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார் சாகிப்.

4

சந்தேஷ் மிட்டாய் வாங்கிக்கொண்டு வீடு வந்தவரிடம் மனைவி ஜகதாம்பாள் சொன்னாள்:

"அந்தக் கர்மத்தை நேத்தே கொல்லைல கொட்டிட்டேன்னா. காலி பாட்டிலைப் பாத்தா கத்துவேளேன்னு காசி கங்கைச் சொம்பை உடைச்சு ரொப்பி வெச்சேன்."

(உள்ளூர் ஹூக்ளி ஆற்றுத் தண்ணீர் என்றுதான் முதலில் எழுதினேன். அது கலங்கல், கண்டுபிடித்துவிடுவார்கள்.)

"அடிப்பாவி! சர்க்கார் சாட்சிடி அது!"

"இருக்கட்டுமே. நம்ம ரெண்டு பேர் கடைசி மூச்சுக்குன்னு வெச்சிருந்த கங்கைன்னா. கேஸ் முடிஞ்சுடுத்தே, திருப்பி வாங்கிண்டு வாங்கோ."

5

முடிவு அ: அவர் வாயைத் திறக்கவில்லை. நிரந்தரம். பிள்ளைகள் ஜோராக...

முடிவு ஆ: உண்மையைச் சொன்னார். நிவாரண் பாபு தப்பித்து...

இரண்டையும் கிழித்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது. மறுநாள் மணி பத்து. சாகிப் பேனாவில் மை தொட்டாயிற்று. பாட்டில் மேஜையிலேயே இருக்கிறது. கேட்டால் எதற்கு என்பார் சாகிப். கேட்காமல் போனால் இனி ஆயுசு முழுக்க ஜகதாம்பாள் கேட்பாள்.

நீங்கள் சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்.