நான்காம் வகுப்பின் நீதிமன்றம்

வில்லா கிரெஸ்போ வட்டாரத்தில் இருந்த அந்த யூதத் தொடக்கப் பள்ளியில் வெள்ளிக்கிழமை மதியத்தோடு வகுப்புகள் முடிந்துவிடும். சாயங்காலம் யூதர்களின் ஓய்வுநாள் பிறக்கிறதே, பிள்ளைகள் நேரத்தோடு வீடு போய்ச் சேர வேண்டும். கடைசி முக்கால் மணி நேரம் நான்காம் வகுப்பில் நீதிமன்றம் நடக்கும். பெர்லா ஆசிரியை இருபத்திரண்டு வருஷமாக நடத்தி வந்த பாடம் அது. நன்னெறி, குடிமைப் பண்பு என்று பாடத்திட்டத்தில் என்னென்னவோ எழுதியிருந்தது. அவள் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. மாதத்துக்கு மூன்று பிள்ளைகள் நீதிபதிகள். புகார் கொடுத்தவன் பேச்சையும் கேட்க வேண்டும், புகாருக்கு ஆளானவன் பேச்சையும் கேட்க வேண்டும். தீர்ப்பு வந்துவிட்டால் ஆசிரியையே ஆனாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஒருமுறை, சோதனைத் தாள்களைத் திருத்தித் தரத் தாமதித்ததற்காக அவளே எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

அந்த ஆகஸ்டில் பள்ளிச் சமையலறையில் பெரிய களேபரம். சமையலறையை மேற்பார்க்கும் யூத மதகுருவான ரப்பி, பால் சாமான் வைக்கும் குளிர்பெட்டியைத் திறந்தபோது, மேல் தட்டில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. உள்ளே ரொட்டி, நடுவில் யூதர்களுக்கு விலக்கப்பட்ட பன்றி இறைச்சி. தீட்டுக் கழிய அடுப்பையெல்லாம் நெருப்பில் சுட்டு, பாத்திரங்களைக் கொதிநீரில் முக்கி எடுத்தார்கள். பிள்ளைகள் மூன்று நாள் பழமும் பிஸ்கட்டும் தின்றார்கள். சமையல்காரி எல்விரா பராகுவேக்காரி. பதினாறு வருஷம் அங்கே சமைத்தவள். எந்தக் கத்தி பாலுக்கு, எது இறைச்சிக்கு என்பதில் ரப்பியே அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுண்டு. "என்னுது இல்லீங்க" என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்று மத்தியானமே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

மறு வெள்ளிக்கிழமை ஷிரா என்ற பெண் எழுந்து நின்றாள். குள்ளமான, கீச்சுக் குரல்காரி.

"அந்தப் பொட்டலத்தை வெச்சது எல்விரா இல்ல. தொபியாஸ். நான் பாத்தேன்."

எல்லாத் தலைகளும் தொபியாஸ் பக்கம் திரும்பின. தொபியாஸின் அப்பா தாமியான் ஃபெர்மன்தான் பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர். உடற்பயிற்சிக் கூடத்தில் அவர் பெயர் பொறித்த பலகைகூட இருந்தது.

நீதிபதியாக இருந்த லுட்மிலா பேனாவால் மேசையைத் தட்டினாள். "தொபியாஸ், நீ என்ன சொல்ற?"

"பொய்! அவ சும்மா சொல்றா."

"அப்ப ஏன்டா உன் காது செவக்குது?" என்றான் பின்வரிசைக்காரன் ஒருவன். சிரிப்பு எழுந்தது.

"சிரிக்கக் கூடாது. அவன் பேசட்டும்," என்றாள் லுட்மிலா.

பெர்லா ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பையன் தரையைப் பார்த்தான். பிறகு உடைந்து அழுதான். அடுத்த தெருப் பையனிடம் பந்தயம் கட்டினானாம். விளையாட்டுக்கு வைத்தானாம். எல்விராவை அனுப்புவார்கள் என்று தெரியாதாம். "அவங்க எனக்கு எப்பவும் ரெண்டாவது தடவ சூப் ஊத்துவாங்க, மொரா," என்று விக்கினான். பிள்ளைகள் ஆசிரியையை மொரா என்றுதான் அழைப்பார்கள்.

நீதிபதிகள் மூவரும் மூலையில் கூடிக் குசுகுசுத்துவிட்டு வந்தார்கள். தொபியாஸ் தலைமை ஆசிரியரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். எல்விராவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்விரா திரும்பி வர வேண்டும். அவனைக் கேலி செய்கிறவர்கள் அடுத்த வாரம் கூண்டில் நிற்க வேண்டும். தொபியாஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியவன் முகம் அது. அன்று பேருந்தில் வீடு திரும்புகையில் பெர்லாவுக்குக் கண் நிறைந்து நிறைந்து வந்தது. இத்தனை வருஷம் கற்றுக் கொடுத்தது வீண் போகவில்லை என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை பெர்லா சொன்னதைத் தலைமை ஆசிரியர் ரூபென் சாஃபிர் முழுக்கக் கேட்டார். மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சி முடித்துக் குடுவையைக் கீழே வைத்தார்.

"பெர்லா, எனக்கு இது போன வாரமே தெரியும்."

"தெரியுமா?"

"தாமியானே வந்து சொன்னாரு. பையன் வீட்ல உளறிட்டானாம். ரப்பிக்குப் போச்சுன்னா பையன் பேரு கெடும், பள்ளிக்கூடத்துப் பேரு கெடும். அந்தம்மாவுக்கு வேற எடத்துல வேல கெடைக்கும்."

"பசங்க தீர்ப்பு சொல்லியிருக்காங்க, ரூபென்."

"அது வெளையாட்டு. நல்ல வெளையாட்டுதான், நான் இல்லேங்கல." அவர் குரல் தணிந்தது. "எல்விராவோட அம்மாவுக்கு உடம்பு முடியல, அவளே கேட்டு ஊருக்குப் போயிட்டான்னு வகுப்புல சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. உங்களுக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்குல்ல?"

கடைசி வாக்கியத்தை அவர் அக்கறையோடு விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். பெர்லாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதில் எந்தப் பள்ளியும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளாது. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்த சொல் "சரி".

வகுப்பில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஷிரா கையைத் தூக்கினாள்.

"அப்ப தொபியாஸ் மன்னிப்பு கேக்க வேணாமா?"

"அவங்கதான் ஊர்ல இல்லையேம்மா."

"போன்ல கேக்கலாமே, மொரா."

"உக்காரு ஷிரா."

தொபியாஸ் பெர்லாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். வீட்டில் பெரியவர்கள் பேசியதை அவன் கேட்டிருந்தான். அவன் முகத்தில் நன்றி இல்லை, நிம்மதியும் இல்லை. கிட்டத்தட்ட அருவருப்பு.

புதன்கிழமை பெர்லா ஒன்றரை மணி நேரம் ரயிலில் போய் மொரேனோவில் எல்விராவின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள். எல்விரா வாசலில் யார் யாருடைய துணிகளையோ உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. பெர்லா எல்லாவற்றையும் சொன்னாள், வகுப்பில் சொன்ன பொய்யையும் சேர்த்து.

"எங்கம்மாவுக்கு உடம்பு முடியலையா?" எல்விரா ஈரத் துணியோடு நின்றாள். "எங்கம்மா செத்து ஒம்பது வருஷம் ஆச்சு, மொரா. நீங்கதான பூவு வாங்கிட்டு வந்தீங்க?"

பெர்லாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"மன்னிச்சிரு எல்விரா. நான் வேணும்னா ரப்பிகிட்டப் போயி..."

"போறதா இருந்தா போயிட்டுல்ல இங்க வந்திருப்பீங்க." கோபமே இல்லாமல் சொன்னாள். அடுத்த துணியை எடுத்து உதறினாள். "ஆறு மணிக்கு மேல ரயில்ல கூட்டம் தாங்காது. கெளம்புங்க."

பெர்லா ரப்பியிடம் போகவில்லை. வியாழக்கிழமை அவர் நடைக்கூடத்தில் எதிரே வந்தபோது வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை நீதிமன்றம் கூடியது. பென்சில் பெட்டி உடைந்த சின்ன வழக்கு. உடைத்ததாகச் சொல்லப்பட்டவள் உடற்பயிற்சி ஆசிரியரின் மகள். இரண்டு பக்கமும் பேசி முடித்தார்கள். பேச்சில் சூடு இல்லை. நீதிபதிகள் மூலைக்குப் போகவில்லை. லுட்மிலா திரும்பி பெர்லாவைப் பார்த்தாள்.

"மொரா, யாரு பக்கம் சொல்லணும்?"

குத்தலாகக் கேட்கவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்பதுபோல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நீங்க மூணு பேரும் யோசிச்சு உங்களுக்கு நியாயம்னு படறதைச் சொல்லுங்க."

"யோசிச்சோம். அப்புறம் நீங்க மாத்திட்டீங்கன்னா?"

ஷிரா தலையைக் கவிழ்த்து நோட்டின் ஓரத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு பிள்ளைகள் காத்திருந்தார்கள். மணியடிக்க நேரம் இருந்தது. மூவரும் பேனாவைத் திறந்து, தீர்ப்பு எழுதும் நோட்டை விரித்து, அவள் வாயைப் பார்த்தபடி இருந்தார்கள்.

கடைசியில் பெர்லாவே தீர்ப்பைச் சொன்னாள். லுட்மிலா அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டாள். யாரும் மறுத்துப் பேசவில்லை.