6318-க்கு உரியவர்கள்

2023 ஆகஸ்ட் 6, ஞாயிறு காலை பத்து மணிக்கு, கோலார் தங்க வயல் நந்திதுர்க்கில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஒரு லைன் வீட்டிலிருந்து ‘வயல் எழுத்து’ வலைப்பூக் குழுவின் ஒன்பது விதிகள் வெளியாயின.

எழுதியவள் வாணி. பெங்களூரில் மென்பொருள் சோதிக்கும் வேலை. இரண்டு வாரம் ரயிலில் போகையிலும் வருகையிலும் கைபேசியில் தட்டி முடித்திருந்தாள். விதிகள் இல்லாமல் நடத்திய மூன்று மாதத்தில் மனை விற்பவர்கள் விளம்பரம் போட்டார்கள். ஊரைப் பார்த்திராதவர்கள் சுரங்கப் பேய்க்கதை எழுதினார்கள். அதனால்தான் முதல் விதி: உறுப்பினராகச் சேர, வீட்டில் சுரங்க வேலை பார்த்தவரின் டோக்கன் எண்ணைத் தர வேண்டும்.

சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறுமுன் டைம் ஆபீசில் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு; அதுதான் டோக்கன். இறங்கியவன் ஏறினானா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். சுரங்கம் மூடி இருபத்திரண்டு வருஷமாகியும் பிள்ளைகளுக்கு அந்த எண் மறக்கவில்லை. வெளியாட்களுக்குத் தெரிய வழியில்லை. நான்காம் விதி இன்னும் கறார்: அடுத்தவர் எண்ணைத் தந்தவருக்கு நிரந்தரத் தடை. முதல் ஆளாகத் தன் அப்பா பெருமாளின் 6318-ஐ வாணியே பதிந்தாள்.

வெள்ளிக்கிழமை ஓசூரிலிருந்து ஐடா என்பவரின் விண்ணப்பம் வந்தது. அப்பா ஏசுபாதம், நந்திதுர்க் சுரங்கம், டோக்கன் 6318. கூடவே ஒரு கட்டுரை: 1981-ல் பாறை வெடிப்பில் அப்பா இறந்த நாளைப் பற்றி.

எண் ஏற்கெனவே இருப்பதாகக் கணினி திருப்பி அனுப்பியது. கடைவீதியில் செல்போன் கடை வைத்திருக்கும் ரவிகுமார்தான் இன்னொரு நிர்வாகி. சனிக்கிழமை காலையிலேயே கூப்பிட்டான்.

“இன்னா வாணி, உன் நம்பரையே சுட்டிருக்காங்க. நாலாவது விதி. தூக்கிடட்டா?”

“கொஞ்சம் இரு.”

“விதி போட்டு ஒரு வாரம் ஆகலை. உங்க வீட்டு நம்பர்னா மட்டும் விதியை நிறுத்தி வெக்கணுமா?”

“உங்க வீட்ல எந்த நம்பர் இருக்கு? கடைக்காரங்களுக்குன்னு மூணாவது விதியில தனிக் கதவு வெச்சதே நான்தான். சும்மா இரு.”

அதற்குள் ஐடாவின் மின்னஞ்சலும் வந்துவிட்டது. ‘எங்களிடம் அப்பாவின் போட்டோ கிடையாது. அந்த நம்பர் ஒன்றுதான் இருக்கிறது. சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை. அது யாரிடம் இருக்கிறதென்று மட்டும் சொல்லுங்கள்.’

அன்று தண்ணீர் வரும் நாள். பெருமாள் வாசலில் டிரம்களுக்கு ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, 6318 யாருதுப்பா?”

“இன்னா கேள்வி இது? என்னுதுதான். இருபது வருஷம் டைம் ஆபீஸ்ல நீட்டினேனே.”

“உங்களுக்கு முன்னாடி?”

நிறைந்த டிரம்மிலிருந்து ஹோஸை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. தண்ணீர் வழிந்து ஓடியது.

“எவன் சொன்னான் உனக்கு?”

“ஏசுபாதம்னு ஒருத்தர் வெச்சிருந்தாராம். அவரு பொண்ணு எழுதியிருக்காங்க.”

“ஏசுபாதமா அவரு பேரு?” ஹோஸை அடுத்த டிரம்முக்கு மாற்றினார். “செத்தவர் நம்பர்னு தெரியும்மா. மொத நாளு கேஜ்லயே பசங்க கிண்டல். ‘பழைய ஆளு திரும்பி வந்துட்டான், வழி விடுங்கடா’ன்னு. பேரு கேக்கல. கேட்டிருந்தா மறுநாள் எறங்கியிருக்க மாட்டேன். உங்கம்மாவுக்கும் சொல்லல. சொன்னா ஷிப்ட்டுக்கு விட்டிருப்பாளா?”

பேர்கூடத் தெரியாத ஒருவரின் எண்ணை வைத்து மற்றவர்களுக்குத் தடை எழுதியிருக்கிறோம் என்பது வாணிக்கு உறைத்தது. ரயிலில் அந்த வரியை எழுதி முடித்தபோது இருந்த திருப்தியும் நினைவுக்கு வந்தது. உள்ளே போய் நான்காம் விதியை நீக்கினாள். முதல் விதியில் ‘எண்ணுடன், வேலை பார்த்த ஆண்டுகளும்’ என்று சேர்த்தாள். ஐடாவுக்கு நான்கு வரி எழுதினாள்: எண் எங்கள் வீட்டில் இருக்கிறது. 1981-ல் என் அப்பாவுக்குக் கொடுத்தார்கள். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. இன்றுதான் தெரிந்தது.

கட்டுரை திங்கட்கிழமை வெளியானது. பெருமாள் மகளின் கைபேசியில் இரண்டு முறை படித்தார்.

“இதுக்குக் கீழ நான் எழுதலாமா?”

“உறுப்பினருங்க மட்டுந்தான்பா. ஏழாவது விதி.”

“நம்பர் என்னுது, உறுப்பினரு நீயா? நல்லா இருக்கே! எனக்கும் ஒரு ஃபாரம் குடு. எம்பத்தொண்ணுலருந்து ரெண்டாயிரத்து ஒண்ணு. போட்டுக்கோ.”

6318-இல் மூன்றாவது விண்ணப்பம் அது. ஆகஸ்ட் 16, புதன்கிழமை, ரவிகுமார் அதை ஏற்றுப் பதிந்தான்.